இழைகளுக்கிடையே தரவின் உரிமை: பாடக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இயக்க முறைமை, அமைப்பு நிரலாக்கம் ஆகிய பாடங்களுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பாடக்குழு உறுப்பினர்கள்

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே,

வணக்கம். சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் ஆகிய மொழிகளில் அமைப்பு மென்பொருள் எழுதுவது என் தொழில். கல்லூரி முடித்து வேலைக்கு வரும் இளைஞர்களுக்குத் தொடக்கப் பயிற்சி அளிப்பதும் என் பணியின் ஒரு பகுதி. இயக்க முறைமைப் பாடத்தில் இழைகளை, அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே வேளையில் ஓடும் செயலோட்டங்களைப் பற்றிய அலகைத் தாங்கள் அடுத்த முறை திருத்தும்போது, பூட்டுகளைக் கற்பிப்பதற்கு முன்பே தரவின் உரிமையை (எந்தத் தரவை யார் வைத்திருந்து விடுவிப்பது என்பதை) கற்பிக்க இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

இப்போதுள்ள அலகு குறைபட்டது என்று சொல்ல நான் வரவில்லை. முக்கியப் பகுதிச் சிக்கல், செமஃபோர், மியூடெக்ஸ், மானிட்டர், உற்பத்தியாளர்–நுகர்வோர், வாசிப்பவர்–எழுதுபவர், உணவருந்தும் தத்துவஞானிகள் என்று அது செல்லும் வழி, 1965இல் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா தொடங்கிவைத்த சிந்தனையின் நேர்வழி. அந்த வழியில் வந்த மாணவர்கள் பூட்டைப் போடவும் எடுக்கவும் அறிந்திருக்கிறார்கள். இழைகள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும் முட்டுக்கட்டை ஏற்படுவதற்கான நான்கு நிபந்தனைகளையும் பிழையின்றிச் சொல்கிறார்கள். ஆனால் அவர்களே எழுதிய உற்பத்தியாளர்–நுகர்வோர் நிரலைக் காட்டி, "இந்த இடையகத்தை விடுவிக்க வேண்டிய பொறுப்பு எந்த இழையுடையது? அது எந்த வரியில் கைமாறுகிறது?" என்று கேட்டால் பெரும்பாலானோரிடம் விடை இல்லை. இது அவர்களுடைய குறையன்று. அந்தக் கேள்வி அவர்களிடம் அதுவரை கேட்கப்பட்டதே இல்லை.

இரண்டு இழைகள் ஒரு தரவைப் பகிரும்போது எழுவன இரண்டு தனித்தனிக் கேள்விகள். இந்தக் கணத்தில் அதைத் தொட யாருக்கு அனுமதி உண்டு என்பது ஒன்று. அந்தத் தரவு எதுவரை உயிரோடு இருக்கும், அதன் முடிவை யார் தீர்மானிப்பது என்பது மற்றொன்று. நம் கிராமங்களில் நிலப் பத்திரத்தில் கிணற்றில் இன்னின்னாருக்கு இத்தனை பங்கு என்று எழுதியிருக்கும். யார் எந்த நாளில் இறைத்துக்கொள்வது என்ற முறை அதிலிருந்து வேறாகப் பேசி வைத்துக்கொள்வது. பங்கு இல்லாதவருக்கு முறை கிடையாது. பங்கு இருந்தாலும் முறை தவறி இறைக்க முடியாது. ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூடெக்ஸ் என்பது முறை. நம் பாடத்திட்டம் முறையை மிக விரிவாகவும் நன்றாகவும் கற்பிக்கிறது. பங்கைப் பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை.

பங்கைச் சொல்லாமல் முறையை மட்டும் சொல்லிக்கொடுப்பதால் என்ன நேர்கிறது என்பதற்கு ஓர் எளிய நிரலை எடுத்துக்கொள்ளலாம். சி மொழியில் ஒரு செயற்கூறு, தான் திரும்பியதும் காலியாகிவிடும் அடுக்கு நினைவகத்தில் ஒரு கட்டமைப்பை உருவாக்குகிறது. அதற்குள் ஓர் எண்ணியும், அந்த எண்ணியைக் காக்கும் மியூடெக்ஸும் இருக்கின்றன. அதன் முகவரியைக் கொடுத்துப் புதிய இழை ஒன்றைத் தொடங்கிவிட்டு, அந்த இழை முடியக் காத்திராமல் செயற்கூறு திரும்பிவிடுகிறது. புதிய இழை முறைப்படி பூட்டைக் கேட்கிறது, எண்ணியைக் கூட்டுகிறது, பூட்டை விடுகிறது. பாடநூல் கற்பித்த ஒழுங்கு அனைத்தும் அங்கே கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது கேட்ட பூட்டே இறந்துபோன நினைவகத்தில் கிடக்கிறது. அதே இடத்தில் இப்போது வேறு ஏதோ ஒரு செயற்கூற்றின் உள்மாறிகள் இருக்கக்கூடும். தரவு உயிரோடு இருப்பதைப் பூட்டு தானே உறுதிசெய்யாது. தரவோடு சேர்ந்து பூட்டும் இறந்துபோகும்.

இதைக் கண்டதும் மாணவர் கட்டமைப்பை, விடுவிக்கும்வரை நிலைத்திருக்கும் குவிய நினைவகத்துக்கு மாற்றுவார். அது சரியான முதல் அடி. அப்போது அடுத்த கேள்வி வருகிறது: விடுவிப்பது யார்? முதன்மை இழை விடுவித்தால், மற்றது இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். இரண்டுமே விடுவித்தால் இரட்டை விடுவிப்பு. யாரும் விடுவிக்காவிட்டால் கசிவு. கடைசியாக விட்டுச் செல்பவரே விடுவிக்க வேண்டும் என்ற முடிவுக்கு மாணவர் தாமாகவே வந்துசேர்வார். கடைசியாகச் செல்பவர் யார் என்பதை அறிய எத்தனை பேர் கையில் உரிமை இருக்கிறது என்று எண்ண வேண்டும் என்பதும் தானே விளங்கும். குறிப்பு எண்ணிக்கை என்னும் கருத்து இப்படித்தான் வகுப்பறையில் பிறக்க வேண்டும். மேலிருந்து ஒரு வரையறையாக இறக்கினால் அது மனத்தில் நிற்பதில்லை.

அந்த எண்ணிக்கையும் பகிரப்படும் தரவுதான். சாதாரண முழு எண்ணாக அதை வைத்தால், படித்தல், கூட்டல், எழுதுதல் என்ற மூன்று படிகளுக்கு நடுவே மற்றோர் இழை புகுந்து ஒரு கூட்டல் காணாமல் போகும். காணாமல் போன ஒரு கூட்டலால் எண்ணிக்கை உரிய நேரத்துக்கு முன்பே சுழியாகி, இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருள் விடுவிக்கப்படும். ஆகவே எண்ணிக்கை, நடுவே எவரும் புக முடியாத அணுநிலைச் செயல்களால் மாற்றப்பட வேண்டும். இதுவரை பலரும் வந்துவிடுகிறார்கள். இதற்கு அப்பால் உள்ளதுதான் ஒரு முழு வகுப்பை ஒதுக்கத் தகுந்தது என்று நான் கருதும் பகுதி. ஆகவே இங்கே சற்று நின்று பேச அனுமதி வேண்டுகிறேன்.

எண்ணிக்கையைக் கூட்டும்போது பிற நினைவகச் செயல்களோடு எந்த வரிசை உத்தரவாதமும் தேவையில்லை. கூட்டுபவரின் கையில் ஏற்கெனவே ஓர் உரிமை இருக்கிறது. அது இருக்கும்வரை எண்ணிக்கை சுழியைத் தொட இயலாது. குறைப்பது அப்படிப்பட்டதன்று. ஓர் இழை பொருளுக்குள் எதையோ எழுதிவிட்டுத் தன் உரிமையை விடுகிறது; பிறகு வேறோர் இழை கடைசி உரிமையை விட்டுப் பொருளை அழிக்கிறது. முதல் இழை அந்தப் பொருளில் செய்தவை எல்லாம், இரண்டாம் இழை அதை அழிப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவையாகத் தோன்றியாக வேண்டும். அதற்காகவே குறைக்கும் செயல், தனக்கு முந்தைய எழுத்துகளைப் பிறருக்கு வெளிப்படுத்தும் ரிலீஸ் வரிசையோடு நிகழ வேண்டும் என்பதும், கடைசி உரிமையை விட்ட இழை அழிக்கத் தொடங்கும் முன், அவற்றைக் கண்டபின்பே தொடரச் செய்யும் அக்வயர் வரிசையை நிலைநாட்ட வேண்டும் என்பதும் விதியாக வந்தன. இழைகளுக்கிடையே பகிர உதவும் ரஸ்ட் மொழியின் ஆர்க் வகை இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது; எண்ணிக்கையைக் கூட்டும், குறைக்கும் பகுதிகள் அங்கே சில வரிகளே கொண்டவை, மாணவர்கள் மடிக்கணினியில் திறந்து படிக்கத்தக்கவை. மேசைக்கணினிகளில் வழக்கமான எக்ஸ்86 செயலிகளில் அணுநிலைக் கூட்டலும் கழித்தலும் வரிசை மாற்றத்துக்கு முழுத் தடுப்பாகவே இயங்குவதால் இந்த வரிசையில் செய்யும் தவறு பெரும்பாலும் வெளியே தெரியாது. கைபேசிகளின் ஆர்ம் செயலிகளில் தெரியக்கூடும். மாணவர்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் ஆர்ம் செயலி இருக்கும் காலம் இது. ஆய்வகத்து மேசைக்கணினியில் ஓடியது என்பதைச் சரியானது என்பதற்குச் சான்றாகக் கொள்ளும் பழக்கத்தை இந்த ஓர் எடுத்துக்காட்டே திருத்திவிடும்.

இன்னும் நுட்பமான ஓரிடம் உண்டு. மேலே சொன்ன வாதம் முழுவதும், கூட்டுபவரின் கையில் முன்பே ஓர் உரிமை இருக்கிறது என்பதைச் சார்ந்து நிற்கிறது. அந்த உரிமை இல்லாவிட்டால்? எல்லா இழைகளும் காணத்தக்க ஒரு பொது மாறியில், ஒரு பொருளின் முகவரியைக் கொண்ட சுட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஓர் இழை அந்தச் சுட்டியைப் படிக்கிறது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்குள் மற்றோர் இழை அந்த மாறியில் வேறு சுட்டியை வைத்துவிட்டுப் பழையதன் கடைசி உரிமையை விட்டுவிடுகிறது. முதல் இழை இப்போது கூட்டப்போவது விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் உள்ள ஓர் எண்ணை. எண்ணிக்கை அணுநிலையில் இருப்பது இங்கே எந்த உதவியும் செய்யாது. சி பிளஸ் பிளஸ் மொழியில் 2011ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த, குறிப்பு எண்ணிக்கையோடு கூடிய சுட்டியான ஷேர்டு பாயிண்டரைப் பற்றி, அது இழைகளுக்குப் பாதுகாப்பானது என்று நேர்காணலுக்கு நேர்காணல் கேட்கிறேன். அதன் எண்ணிக்கை பாதுகாப்பானது என்பது மட்டுமே உண்மை. அது சுட்டும் பொருளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒரே ஷேர்டு பாயிண்டர் மாறியை ஓர் இழை படிக்க மற்றோர் இழை மாற்றினால் அதுவும் தரவுப் போட்டியே, அதாவது ஒத்திசைவின்றி ஒரே இடத்தில் மோதுவதே. அந்த இடைவெளியை அடைப்பதற்காகவே 2020ஆம் ஆண்டுத் தரத்தில் அணுநிலை ஷேர்டு பாயிண்டர் தனியாகச் சேர்க்கப்பட்டது. ஆய்வாளர் மேஜட் மைக்கேல் 2004இல் விரிவாக வெளியிட்ட ஹசார்டு பாயிண்டர் முறையும், லினக்ஸ் இயக்க முறைமையின் மையமான கருநிரலில் 2002 முதல் வளர்ந்துவரும் ஆர்சியூ முறையும் இதே சிக்கலுக்கான வேறு விடைகள். இவை இளநிலை மாணவருக்கு மிகை என்று எண்ணலாம்; விடைகளை விரிவாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சிக்கல் அங்கே இருக்கிறது என்பதையாவது அவர்கள் ஒருமுறை கண்டிருக்க வேண்டும்.

எண்ணிக்கையைத் தவறாகக் கையாளுவதன் விளைவு வகுப்பறைப் பயிற்சியோடு நிற்பதன்று. 2016 ஜனவரியில் லினக்ஸ் கருநிரலில், மறைச்சாவிகளைச் சேமித்துவைக்கும் சாவிக்கொத்து வசதியில் ஒரு பாதுகாப்புக் குறை வெளியிடப்பட்டது. ஒரு செயல்முறை தான் ஏற்கெனவே வைத்திருந்த சாவிக்கொத்தையே மீண்டும் கேட்டால், எடுத்த உரிமை ஒன்றைத் திருப்பி விடாமல் செயற்கூறு வெளியேறிவிடும். அந்தப் பிழைவழியில் ஒரு கழித்தல் விடுபட்டிருந்தது. அதையே திரும்பத் திரும்பச் செய்தால் 32 பிட் எண்ணிக்கை நிரம்பி வழிந்து சுழிக்குத் திரும்பும். கருநிரல் அந்தப் பொருளை விடுவித்துவிடும். செயல்முறையோ இன்னும் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும். சாதாரணப் பயனர் ஒருவர் முழு நிர்வாக அதிகாரத்தைப் பெற அது வழி திறந்தது. 2013இல் வந்த 3.8 பதிப்பு முதல் அந்தக் குறை அங்கேயே இருந்திருக்கிறது. 2017இல், 4.11 பதிப்பில், நிரம்பும்போது சுழிக்குத் திரும்பாமல் உச்சத்திலேயே நின்றுவிடும் தனி எண்ணிக்கை வகை ஒன்று கருநிரலில் சேர்க்கப்பட்டது. கசிவை ஏற்றுக்கொள்ளலாம், விடுவித்த பின் பயன்படுத்துவதை ஏற்க முடியாது என்ற தெளிவான தேர்வு அந்த வகையில் பொதிந்திருக்கிறது. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் பலர் பார்வையிடும் நிரலில் ஒரு கழித்தல் மூன்று ஆண்டுகள் விடுபட்டிருந்தது என்றால், கவனமாக இருங்கள் என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்வது மட்டும் போதாது என்பதைத் தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

இந்த இடத்தில்தான் ரஸ்ட் மொழியைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று கோருகிறேன். அதை முதல் மொழியாக்க வேண்டும் என்றோ சி மொழியை நீக்க வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. இதுவரை நான் சொன்ன விதிகளை மனிதரின் நினைவில் விட்டுவைக்காமல், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியே சரிபார்க்கும் வடிவில் எழுதிக்காட்டியிருக்கும் மொழி என்ற காரணத்துக்காகவே கேட்கிறேன். அங்கே ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. மதிப்பை வேறோர் இழைக்கு அனுப்பினால் உரிமை கைமாறிவிடுகிறது; அனுப்பிய இழை அதன் பிறகு அதைத் தொட முயன்றால் நிரல் தொகுக்கப்படாது. ஒரே இழைக்குள் பகிர ஆர்சி என்ற வகையும், இழைகளுக்கிடையே பகிர ஆர்க் என்ற வகையும் இருக்கின்றன. முன்னதன் எண்ணிக்கை சாதாரணமானது, பின்னதன் எண்ணிக்கை அணுநிலையானது. ஆர்சியை மற்றோர் இழைக்கு அனுப்பப் பார்த்தால் தொகுப்பி மறுத்துவிடும். மறுப்பதற்கு அடிப்படை செண்ட், சிங்க் என்ற இரண்டு பண்புகள். ஒரு வகையின் மதிப்பை இன்னோர் இழைக்குக் கைமாற்றலாமா என்பதை முதலாவது சொல்கிறது. அந்த மதிப்புக்கான இரவல் பார்வையைப் பல இழைகள் ஒரே வேளையில் வைத்திருக்கலாமா என்பதை இரண்டாவது சொல்கிறது. ஆர்க் வழியாக ஒரு பொருளைப் பகிர வேண்டுமானால் அப்பொருளுக்கு இரண்டு பண்புகளும் வேண்டும். ஏன் இரண்டும்? பகிர்வதால் பல இழைகள் ஒரே வேளையில் பார்க்கின்றன; கடைசி உரிமை எந்த இழையில் விடப்படும் என்று முன்கூட்டித் தெரியாததால், எந்த இழையும் அதை அழிக்கும் உரிமையாளராகக்கூடும். இந்த ஒரு கேள்விக்கு விடை எழுதத் தெரிந்த மாணவர், இம்மடலின் முதல் பாதியில் நான் சொன்ன அனைத்தையும் அறிந்தவர் என்று நம்பலாம்.

மியூடெக்ஸின் வடிவமும் ஒப்பிட்டுக் காட்டத்தக்கது. சி மொழியில் இழைகளுக்குப் பயன்படும் பித்ரெட் நூலகத்தில் பூட்டு தரவின் அருகில் இருக்கிறது. எந்தப் பூட்டு எந்தத் தரவைக் காக்கிறது என்பது விளக்கக்குறிப்பில் எழுதப்பட்டிருக்கும், அல்லது எழுதியவரின் நினைவில் மட்டும் இருக்கும். ரஸ்ட் மொழியில் தரவு மியூடெக்ஸுக்கு உள்ளே இருக்கிறது. பூட்டைப் பெற்றால் கிடைக்கும் காவல் மதிப்பின் வழியாகவே அதை அணுக முடியும். காவல் மதிப்பு முடியும்போது பூட்டு தானே திறந்துகொள்கிறது. அந்த நேரத்துக்குப் பிறகு தரவுக்கான பார்வையை வைத்துக்கொள்ளத் தொகுப்பி விடாது. இரு மொழிகளிலும் அதே நிரலை அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும் மாணவர், பூட்டு எதைக் காக்கிறது என்ற கேள்வியைச் சி மொழிக்குத் திரும்பிச் சென்ற பிறகும் மறக்கமாட்டார். எனக்கு வேண்டியது அந்தப் பயன்தான்.

தொகுப்பி சரிபார்ப்பதை மந்திரம் போலக் கற்பிக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த மொழியின் வரலாற்றிலேயே இதற்கு இரண்டு நல்ல பாடங்கள் உண்டு. 2015 மே மாதம் முதல் பதிப்பு வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், வரம்புக்குட்பட்ட இழைகள் என்ற வசதி நூலகத்திலிருந்து விலக்கப்பட்டது. பெற்றோர் இழையின் அடுக்கில் உள்ள தரவை இரவலாகப் பெற்று ஓடும் இழை, அந்த அடுக்குச் சட்டகம் முடிவதற்குள் நின்றுவிடும் என்பதை உறுதிசெய்ய, ஒரு காவல் மதிப்பு முடியும்போது தானே ஓடும் அழிப்புச் செயற்கூற்றை அது நம்பியிருந்தது. ஆனால் எண்ணிக்கை வழிப் பகிர்வில் ஒரு சுழற்சியை உண்டாக்கினால் அந்த மதிப்பு அழிக்கப்படாமலேயே கசியவிடலாம் என்று கண்டறியப்பட்டது. அழிப்புச் செயற்கூறு ஓடும் என்பதைப் பாதுகாப்புக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்ற கொள்கை அதிலிருந்து உறுதிப்பட்டது. இழைகளை ஒரு செயற்கூற்றுக்குள் தொடங்கி, அது திரும்புவதற்குள் அனைத்தும் முடியும்வரை காத்திருக்கும் வேறு வடிவில், 2022 ஆகஸ்டில் வெளிவந்த 1.63 பதிப்பில்தான் அந்த வசதி அதிகாரபூர்வ நூலகத்துக்குத் திரும்பியது. இரண்டாவது பாடம் 2017இல் நிகழ்ந்தது. மியூடெக்ஸின் காவல் மதிப்புக்குச் சிங்க் பண்பு தகுதியில்லாத இடத்திலும் கிடைத்துவந்ததை, மொழியின் பாதுகாப்பைக் கணித முறையில் நிறுவ முயன்ற ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நூலகத்தின் உள்ளே மனிதர் உறுதியளித்து எழுதும் பகுதிகள் இருக்கவே செய்கின்றன; அவற்றின் காரணத்தை விளங்கிக்கொண்டவரே அவற்றைத் திருத்த முடியும். நம் மாணவர்களில் சிலராவது அந்த இடத்தில் அமர வேண்டும் என்பது என் விருப்பம்.

முட்டுக்கட்டையை ரஸ்ட் தடுக்காது. இரு பூட்டுகளை வெவ்வேறு வரிசையில் கேட்கும் இரண்டு இழைகள் எந்த மொழியிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடக்கூடும். ஆகையால் உணவருந்தும் தத்துவஞானிகள் பாடத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும்.

உரிமையைப் பகிர்வதற்கான விலையையும் சொல்லித்தர வேண்டும். செயலியின் பல கருக்களில் (கணக்கிடும் அலகுகளில்) ஓடும் இழைகள் ஒரே எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால், அந்த எண்ணிக்கை அமர்ந்திருக்கும் இடைமாற்று வரி (கருவுக்கு அருகிலுள்ள விரைவு நினைவகத்தின் ஒரு துண்டு) கருவுக்குக் கரு அலைந்துகொண்டிருக்கும். பயன்படும் வேலையைவிட அந்த அலைச்சலே மிகுதியாகிவிடலாம். எனவே கற்பிக்கும் வரிசை முக்கியமானது. முதலில் ஒரே உரிமையாளர். பிறகு கைமாற்றுதல், வரிசை (க்யூ) வழியாகச் செய்தி அனுப்பும் முறை இங்கே இயல்பாக வந்து பொருந்தும், உற்பத்தியாளர்–நுகர்வோர் சிக்கலும் அப்போது புதிய தெளிவு பெறும். அடுத்து, எல்லை வகுத்து இரவல் கொடுத்தல். இவற்றில் எதனாலும் தீராதபோது மட்டும் பகிரப்படும் உரிமை. வேலைக்கு வரும் இளைஞர்களிடம் நான் காண்பது இதன் தலைகீழ்: எதையும் ஷேர்டு பாயிண்டரில் வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட நிரலில் ஒரு பொருள் எப்போது இறக்கும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. சுழற்சி ஒன்று உருவாகிவிட்டால் அது இறப்பதே இல்லை.

இந்த ஒழுங்கு தரும் பயனுக்கு, பலரும் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளிலேயே சான்று உண்டு. இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைத்தாளைக் கணக்கிடும் பணியைப் பல கருக்களுக்குப் பங்கிட, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா இருமுறை சி பிளஸ் பிளஸ் மொழியில் முயன்று கைவிட்டது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட மூன்றாவது முயற்சி 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57ஆம் பதிப்பில் வெளிவந்தது. அந்த வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம், எந்தத் தரவு எந்த இழைக்கு உரியது என்பதை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தொகுப்பி மீண்டும் மீண்டும் சரிபார்த்ததுதான்.

மாணவர்கள் நன்கறிந்த பைத்தான் மொழியிலிருந்தும் இதே பாடத்தைத் தொடங்கலாம். பைத்தானின் பரவலான செயலாக்கமான சிபைத்தானில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பு எண்ணிக்கை உண்டு. அந்த எண்ணிக்கைகள் அணுநிலையில் மாற்றப்படாததால், ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே நிரலை ஓட்டலாம் என்ற பொதுப் பூட்டு பல ஆண்டுகளாக அவற்றைக் காத்துவந்தது. பைத்தானில் இழைகளைச் சேர்த்தும் கணக்கீடு ஏன் வேகமாகவில்லை என்று மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை இதுவே. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில், அந்தப் பூட்டு இல்லாத வடிவம் சோதனை நிலையில் வெளியிடப்பட்டது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் அதை உருவாக்கிய இழை உரிமை இழையாகக் கொள்ளப்படுகிறது. அந்த இழை தன் எண்ணிக்கையைச் சாதாரணமாக மாற்றிக்கொள்கிறது, பிற இழைகள் வேறோர் எண்ணிக்கையை அணுநிலையில் மாற்றுகின்றன. எந்த மொழிக்குப் போனாலும் இந்தக் கேள்வி நம்மைத் தொடர்ந்து வருகிறது.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்று தாங்கள் கேட்பது நியாயமே. பூட்டு இல்லாமல் இரண்டு இழைகளை முறைப்படுத்தும் பீட்டர்சன் தீர்வை ஆய்வகத்தில் எழுதச் சொல்லும் வேளையை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. 1981இல் வெளிவந்த அந்தத் தீர்வு கருத்தளவில் அழகானது, கரும்பலகையில் நிறுவிக்காட்ட வேண்டியது. ஆனால் வரிசையைக் காக்கும் தடுப்புகள் இன்றிச் சாதாரண மாறிகளைக் கொண்டு சி மொழியில் எழுதினால், இன்றைய செயலிகளிலும் தொகுப்பிகளிலும் அது சரியாக இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. எழுத்தையும் படிப்பையும் வரிசை மாற்ற அவற்றுக்கு உரிமை உண்டு. இழைகளை மொழிக்கு வெளியே ஒரு நூலகமாக மட்டும் வைத்துக்கொள்ள இயலாது என்று 2005இல் கணினி ஆய்வாளர் ஹான்ஸ் போம் வாதிட்டதும், 2011இல் சி, சி பிளஸ் பிளஸ் தரங்கள் நினைவக மாதிரியை வரையறுத்து, தரவுப் போட்டியுள்ள நிரலின் நடத்தை வரையறுக்கப்படாதது என்று அறிவித்ததும் இதன் தொடர்ச்சியே. பல ஆய்வகங்களில் அந்தப் பயிற்சி இன்னும் அப்படியே தொடர்கிறது. ஓடியது என்பதால் மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

புதிய மொழியைக் கற்பிக்க ஆசிரியர்களுக்கு அவகாசம் வேண்டும் என்றால், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு தொகுப்பிகளிலும் த்ரெட் சானிட்டைசர் என்ற கருவி பல ஆண்டுகளாகவே உடன் வருகிறது. தொகுக்கும்போது ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் போதும். இரண்டு இழைகள் ஒத்திசைவின்றி ஒரே இடத்தைத் தொட்டால், எந்த வரிகள் மோதின என்பதை அது காட்டிவிடும். நிரல் 5 முதல் 15 மடங்கு வரை மெதுவாகும். மாணவர் பயிற்சி நிரல்களுக்கு அது ஒரு பொருட்டன்று. ஓட்டத்தின்போது உண்மையில் நடந்த வழிகளை மட்டுமே அது பார்க்கும் என்பதையும், எச்சரிக்கை வராததால் போட்டி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதையும் உடன் சொல்லித்தர வேண்டும். இணை நிரலாக்க ஆய்வகத்தில் அளிக்கப்படும் ஒவ்வொரு நிரலும் இந்தக் கருவியோடு ஓட்டப்பட்ட வெளியீட்டுடன் சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்ற விதியை, பாடத்திட்டத்தை மாற்றாமல் வரும் பருவத்திலேயே நடைமுறைப்படுத்தலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

பாடத்திட்டத் திருத்தத்தின்போது, இழைகள் அலகின் தொடக்கத்தில் உரிமை, கைமாற்றம், இரவல், பகிர்வு ஆகியவற்றுக்கு நான்கு அல்லது ஐந்து வகுப்புகளை ஒதுக்குங்கள். ஆய்வகத்தில் மாணவர்கள் சி மொழியில் ஓர் அணுநிலைக் குறிப்பு எண்ணிக்கையைத் தாமே எழுதட்டும். அதே பயிற்சியை ரஸ்ட் மொழியில் செய்து, தொகுப்பி மறுக்கும் வடிவங்களையும் மறுப்பின் காரணத்தையும் பதிவேட்டில் எழுதட்டும். தொகுக்கப்படாத நிரலுக்கும் மதிப்பெண் தரும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பதை அறிவேன். இந்த ஒரு பயிற்சிக்கு அந்த விலக்கு அவசியம், ஏனெனில் கற்க வேண்டியது அந்த மறுப்பில்தான் இருக்கிறது.

வினாத்தாளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். தேர்வில் கேட்கப்படுவதே வகுப்பில் நடத்தப்படும் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். செமஃபோரை வரையறுக்கச் சொல்லும் இரண்டு மதிப்பெண் வினா இருக்கட்டும். அதனோடு, 20 வரிக்கு மேற்படாத பல இழை நிரல் ஒன்றைக் கொடுத்து, பகிரப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளர் யார், உரிமை எந்த வரியில் கைமாறுகிறது, எந்த இழை அதை விடுவிக்கிறது என்று எழுதச் சொல்லும் வினா ஒன்றைப் பெரிய மதிப்பெண் பகுதியில் கட்டாயமாக்குங்கள். அத்தகைய மாதிரி வினாக்களையும், ஆய்வகப் பயிற்சிகளுக்கான நிரல்களையும் தமிழ் விளக்கத்தோடு தயாரித்துத் தர நானும் என்னுடன் பணிபுரியும் சிலரும் அணியமாக இருக்கிறோம். பாடக்குழு கூடும் நாளை அறிவித்தால் நேரில் வந்து விளக்கவும் கடமைப்பட்டுள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அமைப்பு மென்பொருள் பொறியாளர் ஒருவர்